மெஷினுக்குச் சந்தனக் காப்பு

சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குக் கோலம் வரும். எனக்குக் குழப்பம் வரும். அதுவும் சும்மா வராது. கெமிக்கல் இன்ஜினீயரிங் பட்டத்தோடு, தலையில் ஹெல்மெட்டோடு, எல்லாம் தெரிந்த முகத்தோடு வரும்.

அப்போது எனக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்ன ஷெட்டில் வேலை. வீடு திருவள்ளூரில். ஒரே மாவட்டம்தான் என்று பெயர். ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜ் வரை வந்து இறங்கி, வேறு ரயில் பிடித்து மறுபடி வடக்கே போக வேண்டும். (அன்றாடக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும்.)

வண்டிகளிலிருந்து வடித்த பழைய கறுப்பு எண்ணெயை மின்பொறியால் உடைப்பதுதான் எங்கள் ஷெட்டின் வேலை. எண்ணெய்க்குள் இரண்டு கம்பிகளை நெருக்கமாக நிறுத்தி, பல ஆயிரம் வோல்ட் கொடுத்தால் நடுவில் பொறி பறக்கும். பொறி பட்ட இடத்தில் எண்ணெயின் நீளமான மூலக்கூறுகள் அறுந்து, ஹைட்ரஜனும் வேறு சில எரிவாயுக்களும் குமிழி விட்டு வெளியே வரும். மொத்த எண்ணெயையும் அடுப்பேற்றிக் காய்ச்ச வேண்டாம். பொறி தொடும் இடம் மட்டும் சுட்டால் போதும், மின்சாரம் மிச்சம். பெருமாள் கோயிலில் கைங்கர்யம் பண்ணும் என் அப்பா, தீர்த்தம் வாங்க வருகிற அத்தனை பேரிடமும் இதைச் சுருக்கமாக, "எம் பொண்ணு பெட்ரோல் கண்டுபிடிச்சிருக்கா" என்று சொல்லி வைத்திருந்தார்.

முதலாளி பாஸ்கர் சார் இருந்த சொத்தையெல்லாம் அந்த மெஷினில் போட்டிருந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"கனகா, வெள்ளிக்கிழம நாயுடுப்பேட்டைல இருந்து ரெட்டிகாரு வர்றாரு. மெஷின் ஓடறத பாத்துட்டு ஆர்டர் குடுத்தார்னா உன் வேலை பர்மனென்ட். இல்லன்னா ஷெட்டுக்குப் பூட்டுதான்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. முதல் ஓட்டத்துக்கு முன் பூஜை போட வேண்டிய ஐயர் வரவில்லை. பாஸ்கர் சார் என்னைப் பார்த்தார். "நீ கோயில் குடும்பமாச்சேம்மா, நீயே பண்ணிடேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதலில் கற்பூரத்தையும் ஊதுபத்தியையும் பிடுங்கி வெளியே வைத்தேன். "எண்ணெய் இருக்கற எடத்துல நெருப்பா? சேஃப்டி முக்கியம் சார்!" என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். (ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான்தான் சேஃப்டி.) பிறகு பன்னீரில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன்.

இரும்பு டிரம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. சந்தனம் ஒட்டாமல் வழுக்கியது. டிரம்மின் தலையில் மட்டும் வெள்ளைவெளேரென்று ஒரு பீங்கான் நின்றது, குடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி. கேபிளில் வரும் மின்சாரம் டிரம்மைத் தொட்டுவிடாமல் நேராக உள்ளே கம்பிக்குப் போவதற்குத்தான் அந்தப் பீங்கான். இதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதி மார்க் வாங்கியவள் நான். அன்றைக்கு அது என் கண்ணுக்குப் பீங்கானாகவே தெரியவில்லை. அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குக் காத்திருக்கிற மூலவராகத் தெரிந்தது. அப்பா செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? உச்சி முதல் அடி வரை, ஒரு குடை விடாமல், கெட்டியாகச் சந்தனக் காப்பே சாத்திவிட்டேன். நடுநடுவே குங்குமம் வேறு.

ஆபரேட்டர் பாபு சொக்கிப்போனான். "மேடம், சாமி மாரியே கீது மேடம்! ஒரு போட்டோ எட்த்துக்கவா?"

ரெட்டிகாரு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சிரிக்காத முகம். எல்லோரும் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். நான் சுவிட்சைப் போட்டேன். மீட்டர் முள் குபீரென்று ஏறியது. 'சர்ர்' என்று சத்தமும் வந்தது. நான் வெற்றிப் புன்னகையோடு கண்ணாடி ஜாடியைக் காட்டினேன். வாயு வந்தால் அதிலுள்ள தண்ணீரில் குமிழி வர வேண்டும்.

ஒரு குமிழியும் வரவில்லை.

"ஏம்மா, கரண்ட் போவுதா?" என்றார் பாஸ்கர் சார்.

"போறது சார். மீட்டர் காட்றதே."

"எங்க போவுது?"

"உள்ளதான் சார்."

"உள்ள போனா வெளிய ஏன் ஒண்ணும் வரல?"

எண்ணெய் கெட்டியாக இருக்கிறது என்றேன். ரெட்டிகாரு தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில், எண்ணெய் நீர்த்திருக்கிறது என்றேன். அதற்கும் தலையாட்டினார். பாபு தன் பங்குக்கு, "ஜார்ல தண்ணி கம்மியா கீது மேடம்" என்று ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினான். அதையும் நான் தீவிரமாக யோசித்துப் பார்த்து "ஆமாம்" என்றேன். வோல்ட்டை ஏற்றினேன். சத்தம் ஏறியது. குமிழி மட்டும் இல்லை. வேலை, ஷெட், அப்பாவின் தீர்த்தப் பேச்சு எல்லாம் அந்த அசையாத தண்ணீரில் மிதந்தன.

ஷெட் முழுக்கக் கமகமவென்று வாசனை வேறு பரவியது. "வாசன பாகுந்தி. ஊதுபத்தி ஏ கம்பெனி?" என்று மூக்கை உறிஞ்சி ரசித்தபடி கேட்டார் ரெட்டிகாரு. நானும் சிரித்துவைத்தேன். ஊதுபத்தியை நானே பிடுங்கி வெளியே வைத்தது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவே இல்லை.

கடைசியில் அவரே சொன்னார். "லைட்டு ஆப் சேயண்டி. உள்ள பொறி வர்தா லேதா, சூஸ்தாம்."

பாபு ஷட்டரை இறக்கி, விளக்குகளை அணைத்தான்.

உள்ளே எட்டிப் பார்க்க டிரம்மில் வைத்திருந்த கண்ணாடித் துளைக்குள் கும்மிருட்டு. ஆனால் டிரம்மின் மேலே, என் சந்தனக் காப்பின்மீது, நீல நிறத்தில் ஒளிக்கொடிகள் உச்சியிலிருந்து பாதம் வரை நெளிந்து நெளிந்து இறங்கிக்கொண்டிருந்தன. குங்குமப் பொட்டு ஒவ்வொன்றும் மினுக் மினுக்கென்றது.

"கோவிந்தா! கோவிந்தா!" என்று ரெட்டிகாரு கைகளைத் தலைக்குமேல் தூக்கினார். பாஸ்கர் சார் செருப்பைக் கழற்றினார். பாபு கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஈரச் சந்தனம் வழியாக மின்சாரம் முழுவதும் வெளியிலேயே வழிந்து டிரம்முக்குப் போகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் என்ன செய்தேன்? சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை!

'படீர்' என்றது. பீங்கான் இரண்டாகப் பிளந்தது. எல்லாம் அணைந்தது.

வெளிச்சம் வந்ததும் உண்மையைச் சொன்னேன். ரெட்டிகாரு முதல் முறையாகச் சிரித்தார். "அம்மா, மெஷினு பரவால்லேது. பக்திதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பாஸ்கர் சார் பிளந்த பீங்கானை ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை. பேசின் பிரிட்ஜில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்டி மாறியதில், மறுபடி கும்மிடிப்பூண்டி ரயிலிலேயே ஏறிவிட்டேன்.

புதுப் பீங்கான் வந்தது. நான் அதைத் துணியால் துடைத்தேன், அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டதும் ஜாடியில் குமிழி கொப்பளித்து வந்தபோது, குழந்தை மாதிரி அழுதேன். ரெட்டிகாரு திரும்ப வந்து பார்த்து ஆர்டர் கொடுத்தார். வேலையும் நிரந்தரமானது. அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: அவர் ஆலையில் மெஷின் திறக்கும் நாளில் நான் பூஜை செய்யக் கூடாது.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா இந்தக் கதையைப் பெருமாள் காட்சி கொடுத்த கதையாகவே சொன்னார். மாப்பிள்ளை எலெக்ட்ரிகல் இன்ஜினீயர். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"சந்தனத்த எதுல குழைச்சேள்?"

"பன்னீர்ல."

மனிதர் சிரித்த சிரிப்பில் காபி கொட்டியது. அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

இன்றும் சரஸ்வதி பூஜையன்று நான் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும், அவர் எழுந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். தெரு முழுக்க விளக்கு எரிய, எங்கள் வீட்டில் மட்டும் இருட்டில் பூஜை. போன வருஷம் புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய் மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், எங்க ஊட்ல கரண்ட் கீது. உங்க ஊட்ல மட்டும் இன்னா, ஃபால்ட்டா?"

இருட்டுக்குள்ளிருந்து என் கணவர் நிதானமாகச் சொன்னார்: "இன்னும் ஆகலை சார். இப்பத்தான் பொட்டு வைக்க ஆரம்பிச்சிருக்கா."