ஜெசிந்தாவுக்குத் தெரிந்த நைட்டி

என் மாமியார் என்னிடம் நேரடியாகக் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, உனக்கு எத்தனை புள்ளைங்க?" என்பதுதான். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அவர் பெண்ணைக் கட்டிக்கொள்ளத்தான் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்ட நேரத்தில், என் அம்மாவின் நைட்டியை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஒரு பசுவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக் குந்தியிருந்தேன். (அவசரப்பட்டு எந்த முடிவுக்கும் வர வேண்டாம். முழுசாகக் கேளுங்கள்.)

குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன மாட்டுப் பண்ணை இருக்கிறது. பண்ணை என்பது நான் வைத்த பேர். ஊரில் யாரைக் கேட்டாலும் 'மாட்டுக் கொட்டாய்' என்றுதான் சொல்வார்கள். மாடுகளைப் பார்த்துக்கொள்வது அப்பாவும் அம்மாவும். நான் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் ஏசியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டுகிறவன். சிதம்பரத்துக்கு சுகந்தியைப் பெண் பார்க்கப் போனபோது, அவள் அப்பா என் சம்பளத்தைக் கேட்கவில்லை, ஜாதகத்தைக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எம் பொண்ணு லேப்ல வேல பாக்குது. சாணி, சகதியெல்லாம் பழக்கமில்ல. மாட்டு வேலைக்கு ஆள் இருக்காங்களா?"

என் அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இருக்காங்க மாமா. பால் கறக்கறதுக்குன்னே தனியா ஒரு அக்கா வர்றாங்க."

அப்படி ஒரு அக்கா இந்த உலகத்தில் கிடையாது. ஆனால் எதிரே சுகந்தி உட்கார்ந்திருந்தாள். பதற்றத்தில் நான் கையிலிருந்த பெரிய வாட்சைத் திருகிக்கொண்டே இருப்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு அக்காக்களைக்கூட வேலைக்குச் சேர்த்திருப்பேன். அவளை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

அடுத்த வாரம் அவர்கள் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். வீடு பார்க்க வருகிறவர்கள் மனசுக்குப் பிடித்திருந்தால்தான் கை நனைப்பார்கள், அதாவது அந்த வீட்டில் எதையாவது வாயில் போடுவார்கள். காபித் தண்ணியைக்கூடத் தொடாமல் எழுந்து போனால் சம்பந்தம் அத்தோடு சரி. அதனால் அம்மா கேசரி கிண்டினாள், பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவினாள். என் பங்குக்கு நான் வாசலில் சாமியானா கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டேபிள் ஃபேனையும் கொண்டுவந்து வைத்தேன். அப்பா வானத்தைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். மழைக்கு வாய்ப்பே இல்லை என்று இருவரும் ஒரே முடிவுக்கு வந்தோம். (எங்கள் வீட்டில் நானும் அப்பாவும் ஒத்துப்போனதே கிடையாது. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.)

சாயங்காலம் எல்லாம் தயார். அப்பா மற்ற மாடுகளைக் கறந்து முடித்துவிட்டு, விருந்தாளிகளுக்கு வழி காட்ட பைக்கை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார். பாக்கி இருந்தது ஜெசிந்தா மட்டும்.

ஜெசிந்தா ஒரு கலப்பின ஜெர்சி. கடலூரில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டீச்சர் வீட்டில் வாங்கியது. பேரும் அங்கிருந்தே கூட வந்தது. அம்மா கை வைத்தால் மட்டும்தான் பால் இறக்கும். பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக அம்மா பக்கத்தில் போனாள். ஜெசிந்தா ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, யாரோ அந்நியப் பொம்பளை என்று முடிவுகட்டி, வாளியை ஒரே உதையில் உருட்டிவிட்டது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அம்மா இல்லை, அம்மாவின் ஊதாப்பூ போட்ட நைட்டி. அதை யார் மாட்டிக்கொண்டாலும் அவர்தான் அம்மா. அம்மா ஊருக்குப் போகிற நாட்களில் அப்பாவே அந்த நைட்டியை மாட்டிக்கொண்டுதான் கறப்பார். (சிரிக்காதீர்கள். மாடு வைத்திருக்கிற வீடுகளில் கேட்டுப் பாருங்கள். பெண்டாட்டி புடவையைச் சுற்றிக்கொண்டு கறந்த மீசைக்காரர்கள் எங்கள் பக்கம் ஏராளம்.)

"கறக்காம வுட்டா மடி கட்டிக்கும்டா. அவுங்க இப்பதான் புவனகிரியில பூ வாங்கிட்டிருக்காங்களாம். வர எப்படியும் அரை மணி ஆவும். நீ போட்டுகிட்டுப் போயி கறந்துட்டு ஓடியா," என்றாள் அம்மா.

போட்டுக்கொண்டேன். துண்டைத் தலையில் இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். ஜெசிந்தா திரும்பி ஒரு பார்வை பார்த்து, சரி அம்மாதான் என்று ஒத்துக்கொண்டு, அசைபோட ஆரம்பித்தது. வாளியில் நுரை ஏறியது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வெளிச்சம் குறைந்தது. அதுவரை ஓர் இலைகூட ஆடவில்லை. திடீரென்று மேற்கே முந்திரித் தோப்பு முழுக்க ஹோவென்று சத்தம். செம்மண் புழுதி சுழன்று அடித்தது. கரண்ட் போனது. வாசலில் சாமியானா ஒருமுறை உப்பி, கயிற்றை அறுத்துக்கொண்டு மேலே கிளம்பியது. மறுநாள் பக்கத்துத் தோட்டத்துப் பலாமரத்திலிருந்து அதை இறக்கினோம். பிளாஸ்டிக் நாற்காலிகள் அதன் பின்னாலேயே ஓடின. அப்புறம் தகரக் கூரையின் மேல் மழை கொட்டிய சத்தத்தில் என் காதே அடைத்துவிட்டது.

கொட்டாய்க்குப் பின்பக்கம் ஒரு கார் வந்து நின்றதை அதனால்தான் நான் கவனிக்கவில்லை. ஃபோனில் மேப் போட்டு வந்த அவர்களுக்கு அது பின்பக்கத்துச் சந்து வழியைக் காட்டிவிட்டது. அப்பா மெயின் ரோட்டு டீக்கடையில் ஒதுங்கி நிற்க, சுகந்தி, அவள் அப்பா, அம்மா மூன்று பேரும் முழுக்க நனைந்துபோய், கண்ணில் பட்ட முதல் கூரைக்குள் ஓடிவந்தார்கள். எழுந்தால் மானம் போகும். எழாவிட்டால் இருட்டில் தப்பிக்கலாம். ஜெசிந்தாவின் வயிற்றில் முகத்தை இன்னும் ஆழமாகப் புதைத்தேன்.

"அட, பால் கறக்கற ஆளு. பரவால்லையே, சொன்ன மாதிரியே ஆள் வச்சிருக்காங்க," என்றார் சுகந்தியின் அப்பா.

என் பொய்க்கு நானே ஆதாரமாக உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அப்போதுதான் என் வருங்கால மாமியார் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

தொண்டையைச் சுருக்கிக்கொண்டு, "ரெண்டு" என்றேன். (ஏன் ரெண்டு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

"இந்த வூட்டுப் பையன் எப்படி? குடி கிடி உண்டா?"

இப்படி ஒரு வாய்ப்பு எந்த மாப்பிள்ளைக்குக் கிடைக்கும்? "ச்சீச்சீ! தங்கமான புள்ளம்மா. வாயத் தொறந்து ஒரு கெட்ட வார்த்தை வராது. லட்சணமும் அப்படியே கொட்டிக்கெடக்கு."

பளீரென்று ஒரு மின்னல் வெட்டியது. சுகந்தி ஓரடி முன்னால் வந்தாள்.

"அக்கா, அவரு வீட்டு வேலை செய்வாரா?"

"எல்லாம் செய்வாருமா."

"காலையில காபி போடுவாரா?"

"தெனமும் அவரு கையாலதான்."

"பாத்திரம் தேய்ப்பாரா?"

"தே... தேய்ப்பாரு."

"துணி?"

"தொவச்சி, மடிச்சி, பீரோலயே வச்சிடுவாரு."

"சத்தியமா?"

"இந்த மாட்டு மேல சத்தியம்."

வேலை செய்யாத ஆண்பிள்ளை என்று பேர் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், ஒரு முழு ஆயுளுக்கு என்னை நானே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் வீட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் மழையையும் தாண்டி வந்தது. என் அம்மாவுக்கு அப்படி ஒரு தொண்டை.

"டேய் சரவணா! ஜெசிந்தா பால எறக்குச்சாடா?"

குரலைத் தொடர்ந்து அம்மாவும் வந்தாள், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விரித்த குடையோடு. குடையைப் பார்த்த ஜெசிந்தா மிரண்டு ஒரு எகிறு எகிறியது. நான் "அய்யய்யோ!" என்று என் சொந்தக் குரலில் அலறி, மூத்திரம் ஓடுகிற கால்வாயில் மல்லாக்க விழுந்தேன். துண்டு ஒரு பக்கம் போனது. அடுத்த மின்னல் என் மீசைக்காகவே வெட்டியது.

"மாப்ளே?" என்றார் சுகந்தியின் அப்பா.

குளித்து, வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு நான் கூடத்துக்கு வந்தபோது, சொட்டச் சொட்ட நனைந்த அப்பாவும் வந்து சேர்ந்திருந்தார். கேசரி ஒரு தட்டில், பஜ்ஜி ஒரு தட்டில். ஒரு கையும் அதன் பக்கம் போகவில்லை.

"அப்ப, வேலைக்கு ஆளு?"

"இல்ல மாமா. அப்பாவும் அம்மாவும்தான் கறக்கறாங்க. நான் சொன்னது பொய்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மழ வுட்டதும் கெளம்பிடுவோம்," என்று மனைவியிடம் சொன்னார்.

காலையிலிருந்து வரவே வராது என்று நான் அடித்துச் சொன்ன மழை அது. இப்போது நின்றுவிடாதே என்று அதையே கும்பிட்டுக்கொண்டிருந்தேன். நல்லவேளை, அதற்கு என்மேல் கோபம் இல்லை, இன்னும் ஓங்கிப் பெய்தது. பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. சுகந்தி என்னைப் பார்க்கவே இல்லை, ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். முடிந்தது என்று நினைத்தேன். அழுதுவிடுவேனோ என்றுகூடப் பயமாக இருந்தது.

மழைச் சத்தம் கொஞ்சம் அடங்கியது. அவள் அப்பா எழுந்து செருப்பைத் தேடினார்.

"அத்த, அந்தப் பால் எல்லாம் கொட்டிடுச்சா?" என்றாள் சுகந்தி.

"பாதி வாளி இருக்கும்மா," என்றாள் அம்மா.

"அப்ப எனக்கு ஒரு காபி."

"சுகந்தி..." என்று இழுத்தார் அவள் அப்பா.

"இருங்கப்பா. அவரே போடட்டும். தெனமும் அவரு கையாலதானாம். அந்த அக்கா சத்தியம் பண்ணாங்கல்ல?" என்று சொல்லி, என் மணிக்கட்டைக் காட்டினாள். "மொத மின்னல்லியே வாட்சப் பாத்துட்டேன். இவ்ளோ பெரிய வாட்ச் கட்டிகிட்டு எந்த அக்கா பால் கறப்பாங்க?"

முதலில் சிரித்தது அவள் அம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. நான் அடுப்படிக்கு ஓடி, ஒரு காபி போட்டேன். சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன் என்று கொடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சுகந்தி ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தாள். அவள் அப்பா கொஞ்ச நேரம் காலி டம்ளரையே பார்த்தார். அப்புறம் மெதுவாக ஒரு பஜ்ஜியை எடுத்தார்.

இப்போதும் எங்கள் வீட்டில் காலைக் காபி என் கையால்தான். என்றைக்காவது உடம்பு முடியவில்லை என்று படுத்துக்கிடந்தால், "அந்த அக்கா மாட்டு மேல சத்தியம் பண்ணிருக்காங்க, மாட்டுக்கு ஏதாவது ஆயிடப்போவுது," என்று சுகந்தி போர்வையை உருவுவாள். ஜெசிந்தா திடகாத்திரமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நைட்டியும் என்னுடையதுதான்.

போன மாதம் எங்கள் மகளின் பிறந்தநாளுக்கு மாமியார் வந்திருந்தார். பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சியபடி, கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன் மாப்ள, அன்னிக்கி ரெண்டுன்னு சொன்னீங்களே? இன்னொண்ணு எங்க?"

நான் அடுப்படியிலிருந்த சுகந்தியைப் பார்த்தேன். அவள் பஜ்ஜி திருப்புவதை நிறுத்தவே இல்லை.

"சொன்னது அந்த அக்காதானம்மா? அவுங்களே பெத்துக்கட்டும்."