ஒரு கதவு, இரண்டு தலைவர்கள்

கூடத்துக்கு ஒரே ஒரு கதவுதான் இருந்தது. பேச்சுவார்த்தை அதிலேயே நின்றுவிட்டது.

"ரெண்டு பேரும் சமமான தலைவருங்க. ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் பின்னாடின்னு நுழைய முடியாதும்மா," என்றார் பாலசுப்பிரமணியம். டெல்லியில் வெளியுறவுத் துறை அதிகாரி. சொந்த ஊர் ஆத்தூர். தமிழில் புலம்ப ஓர் ஆள் கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

"ஏனுங்க சார், சேர்ந்தாப்பல நுழையட்டுமே," என்றாள் சாந்தாமேரி.

தலைவர்களில் ஒருவரான அதிபரின் பருமனைப் பாலசுப்பிரமணியம் தன் கைகளை விரித்து அளந்து காட்டினார். பிறகு கதவைக் காட்டினார்.

சாந்தாமேரி அந்த எஸ்டேட் பங்களாவின் மேனேஜர். ஏற்காட்டில், காப்பிச் செடிகளுக்கு நடுவே, தங்கும் விடுதியாக மாறிய பழைய கட்டிடம். தேனிலவுக்கு வந்து முதல் நாளே சண்டை போட்டுக்கொள்ளும் ஜோடிகளைச் சமாளித்துப் பழகியவள். நாடுகளைச் சமாளித்ததில்லை.

இத்தனைக்கும் இவை எதிரி நாடுகள்கூட இல்லை, நேச நாடுகள். ஒருவர் தீவு நாட்டின் அதிபர். மற்றவர் அதன் எதிர்க்கரையில் இருக்கும் துறைமுக நாட்டின் பிரதமர். இருவரும் ஒன்றாகச் சேர்ந்து மூன்றாவது நாடு ஒன்றோடு போரிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நாடு போர்நிறுத்தத்துக்குத் தலையாட்டிவிட்டது. இனி இவர்கள் இருவரும் ஒரே குரலில் சம்மதம் சொல்ல வேண்டும். போர் நின்ற பிறகு நடுவிலிருக்கும் கடலை யார் காவல் காப்பது என்றும் தீர்மானிக்க வேண்டும். அதற்காகத்தான் யார் கண்ணிலும் படாத ஏற்காட்டுக்கு அவர்களை அழைத்து வந்திருந்தார்கள்.

சாந்தாமேரிக்கு இதில் சொந்தக் கவலையும் இருந்தது. அவள் மகன் ஜெப்சன் அந்தத் துறைமுக நாட்டில் எலக்ட்ரீஷியன். விமான நிலையம் மூடியிருந்ததால் ஊர் திரும்ப வழியில்லாமல், ஒரு கட்டிடத்தின் நிலவறையில் மற்றவர்களோடு ஒண்டிக்கொண்டிருந்தான். பேசி முடித்துவிட்டார்களா என்று கேட்டு வாய்ஸ் மெசேஜ் மேல் வாய்ஸ் மெசேஜாக அனுப்பிக்கொண்டிருந்தான்.

"இன்னும் உள்ளயே போகல கண்ணு," என்று பதில் அனுப்பிவிட்டு அவள் கூடத்துச் சுவர்களைச் சுற்றிப் பார்த்தாள்.

பீங்கான் அலமாரிக்குப் பின்னால் ஒரு பழைய கதவு அடைத்துக்கிடப்பது நினைவுக்கு வந்தது. தோட்ட வேலை பார்க்கும் மாதேஸ்வரனைக் கூப்பிட்டு அலமாரியை நகர்த்தச் சொன்னாள். கதவு முனகிக்கொண்டு திறந்தது. சமையலறைக்குள் திறந்தது.

பாலசுப்பிரமணியம் சற்று யோசித்தார். "பரவால்லம்மா. கதவு கதவுதானே," என்றார்.

பூவா தலையா போட்டதில் அதிபருக்குச் சமையலறை வழி விழுந்தது. குறித்த நேரத்தில் பிரதமர் பெரிய கதவு வழியாகக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தார். அதே நேரத்தில் அதிபர் சமையலறைக்குள் நுழைந்தார். அடுப்பில் மிளகுக்கறி வறுபட்டுக்கொண்டிருந்தது.

அதிபர் நின்றார். மூக்கை உறிஞ்சினார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் நந்தினியிடம் ஏதோ சொன்னார்.

"கொஞ்சம் ருசி பார்க்கலாமான்னு கேக்கறாருங்க," என்றாள் நந்தினி.

ஒரு நாட்டின் அதிபரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? சாந்தாமேரி ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தாள். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்சம் சோறு கேட்டார். பிறகு ரசம் கேட்டார். பிறகு அந்தக் கறியை எப்படிச் செய்வது என்று கேட்டார். பாலசுப்பிரமணியம் கதவுக்கு வெளியே நின்றபடி கண்ணாலேயே அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்த பிரதமருக்குக் கரண்டிச் சத்தமும் சிரிப்புச் சத்தமும் தெளிவாகக் கேட்டன.

அதிபர் வாயைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தபோது எதிர் நாற்காலி காலியாக இருந்தது. நேச நாடு என்று சொல்லிக்கொண்டு தன்னைக் காக்க வைத்துவிட்டு விருந்து சாப்பிடுகிறார்கள் என்று பிரதமர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவருக்கும் அதே விருந்தைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சாந்தாமேரிக்குத் தோன்றியது. தட்டை அலங்கரித்து அவளே எடுத்துப் போனாள். வாசலில் பிரதமரின் உதவியாளர் மறித்து, இது அதிபர் சாப்பிட்ட அதே சட்டியில் இருந்ததா என்று கேட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத சாந்தாமேரி ஆமாம் என்றாள். மிச்சம் மீதியை அனுப்பி எங்கள் பிரதமரை அவமானப்படுத்துகிறீர்களா என்று கேட்டு அந்த ஆள் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"எதுக்கும்மா உண்மையச் சொன்னீங்க?" என்று பாலசுப்பிரமணியம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கோணும் சார்," என்றாள் அவள்.

புதுச் சட்டி ஏற்றினாள். அவசரத்துக்கு மாதேஸ்வரனையும் உதவிக்கு வைத்துக்கொண்டாள். வெளியே மூடுபனி இறங்கியிருந்ததால் குளிருக்காக அவன் ஜன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்தினான். காய்ந்த எண்ணெயில் ஒரு கை வரமிளகாயை அள்ளிப் போட்டான். மிளகாய் கருகியது. புகை போக வேறு வழியில்லாமல், புதிதாகத் திறந்த கதவு வழியாகக் கூடத்தில் புகுந்து மாடிக்கும் ஏறியது.

முதலில் ஒரு மெய்க்காவலர் இருமினார். அடுத்து எல்லாரும் இருமினார்கள். விஷப்புகை என்று யாரோ கத்த, அதிபரின் ஆட்கள் அவரைச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தள்ளி மேலே விழுந்து மறைத்துக்கொண்டார்கள். பிரதமரின் ஆட்கள் அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார்கள். பனியில் ஒன்றும் தெரியாமல் எருக்குழிக்குள் இறங்கிவிட்டார்கள்.

எல்லாரும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டபோது இரண்டு தரப்பும் ஒன்றை ஒன்று குற்றம் சாட்டிக்கொண்டிருந்தன. இரண்டு தரப்பினரும் கார்களை வரச் சொன்னார்கள். பாலசுப்பிரமணியம் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சுதும்மா. போர்நிறுத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு இனி ஆத்தூர்லகூட வேலை கிடைக்காது."

அப்போது சாந்தாமேரியின் போன் முனகியது. ஜெப்சனின் வாய்ஸ் மெசேஜ். பக்கத்துத் தெருவில் குண்டு விழுந்ததாம். தான் நன்றாக இருப்பதாகவும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னான்.

சாந்தாமேரி அதை இரண்டு தரம் கேட்டாள். பிறகு கையிலிருந்த கரண்டியோடு கூடத்தின் நடுவே போய் நின்றாள். ஒரு பக்கம் சட்டை கசங்கிய அதிபர். மறுபக்கம் முழங்கால்வரை எருவோடு பிரதமர்.

"ஏனுங்க, உங்களுக்கு ஆளுக்கொரு கதவு வேணும், ஆளுக்கொரு சட்டி வேணும். எம் பையன் படுத்திருக்கற எடத்துல ஒரு ஜன்னல்கூட இல்லீங்க. அவன் ஊடு வந்து சேரோணும். நீங்க பேசி முடிக்கற வரைக்கும் இந்தப் பங்களாவுல ஒருத்தருக்கும் காப்பித் தண்ணிகூடக் கெடையாது."

நந்தினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாலசுப்பிரமணியம் மொழிபெயர்க்க வேண்டாம் என்று சைகை காட்டினார். அதைப் பார்க்காததுபோல அவள் ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தாள்.

தலைவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிபரின் காதுகள் சிவந்தன. பிரதமர் குனிந்து தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காகிதங்களைப் பிரித்தார்கள்.

மறுநாள் நண்பகலில் பனி விலகியதும் புல்தரையில் மேஜை போட்டார்கள். கேமராக்களுக்கு முன்னால் இருவரும் கையெழுத்திட்டுக் கைகுலுக்கிக்கொண்டார்கள். பாலசுப்பிரமணியம் கண் கலங்கிப்போய், இந்தப் போரை நிறுத்தியது ஐ.நா. சபை இல்லை, நீங்கள்தான் என்று சாந்தாமேரியிடம் சொன்னார். சாயங்காலமே ஜெப்சன் கூப்பிட்டான். விமான நிலையத்தைத் திறக்கிறார்களாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடுவானாம். அவள் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து ஆசை தீர அழுதாள்.

அழுது முடித்ததும் ஊருக்கெல்லாம் சொன்னாள். மாதா கோவில் சாமியாரிடம் சொன்னாள். வாழவந்தியில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னாள். மாதேஸ்வரன் எல்லாவற்றையும் நேரில் பார்த்தவன்தான். அவனிடமும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து, தலைவர்களைச் சேலத்தில் விமானம் ஏற்றிவிட்ட டிரைவர் சின்னராஜ் காப்பி குடிக்க வந்தான். பக்கத்து வெள்ளக்கடை ஊர்க்காரன். அதிபரை மலைக்கு ஏற்றிவந்ததும் அவன்தான். அவனுக்கும் ஆதியோடந்தமாகச் சொன்னாள். கரண்டியைக்கூட எடுத்துக் காட்டினாள். தான் அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் கையெழுத்து விழுந்திருக்குமா என்று கேட்டாள்.

சின்னராஜ் காப்பியை மரியாதையாகக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தான்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. அவங்க ரெண்டு பேரும் மலை ஏறறதுக்கு முந்தியே குப்பனூர்ல வண்டிய நிறுத்தி, என் கார் பானெட்டு மேல வெச்சுக் கையெழுத்துப் போட்டு முடிச்சுட்டாங்க. சட்டுனு ஒத்துக்கிட்டா அவங்க ஊர்ல ஏமாளின்னுருவாங்களாம், அதான் மேல போயி ரெண்டு நாளைக்கு மொறச்சுக்கிட்டு இருக்கலாம்னு பேசி வெச்சுக்கிட்டுத்தான் இங்க வந்தாங்க."