ரெட்யூஸுக்கு நாலு வரி

‘ரெட்யூஸ்’ முப்பத்தொரு வரி இருந்தது. சாயந்திரத்துக்குள் அது நாலு வரியாக வேண்டும்.

"நாலு, சார். நாலரை வந்தாலும் பக்கம் தள்ளிடும்," என்றார் மேனேஜர். கையடக்கப் பதிப்பாம். முப்பது வருஷமாக ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதும் அகராதிக்காரருக்கு வேறு யாராவது மாட்டினால் தேவலை என்றிருந்தது.

கார்டுப் பெட்டிகளைக் காக்கும் பைண்டர், அந்தச் சொல்லுக்கான கார்டை எடுத்துக் கொடுத்தார். குறைத்தல், பதவி இறக்குதல், சாற்றைச் சுண்டக் காய்ச்சுதல், விலகிய எலும்பைப் பழைய இடத்தில் சேர்த்தல். கடைசியில் நீளமாக வேர்: லத்தீனில் ‘திரும்ப அழைத்து வருதல்’.

அகராதிக்காரர் முதலில் சுண்டக் காய்ச்சுதலை அடித்தார். அந்த ஆபீஸ் வழக்கப்படி, அடித்தவர் அதே கார்டில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காரணம் மூன்று வரி ஆயிற்று.

அடுத்து எலும்பை அடித்தார். புரூஃப் பார்க்கும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், எங்க வீட்டுக்காரர் எலும்பு டாக்டர். தினம் அந்த வார்த்தையைத்தான் சொல்றார்."

"சரிம்மா, ஆட்சேபணையை எழுதிடு."

எழுதினாள், ஐந்து வரி. அதற்கு இவர் பதில் நாலு வரி. மத்தியானத்துக்குள் நாற்பத்துமூன்று வரியாகி, இன்னொரு கார்டை ஒட்ட வேண்டி வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

மிச்சம் வேர். அதைத் தொட அவருக்கு மனசு வரவில்லை. கார்டு முழுக்க எதிர்சீட்டம்மாவின் சாய்ந்த கையெழுத்து. இருபத்திரண்டு வருஷம் எதிரே உட்கார்ந்து, சொல்லுக்குச் சொல் சண்டை பிடித்துவிட்டு ரிட்டையர் ஆனவர். ஆறு வருஷமாக அந்த நாற்காலியில் காகிதக் கட்டுகள் இருக்கின்றன. சண்டை போட ஆளில்லாமல் அவருக்கு வேலையே ருசிக்கவில்லை. ஃபோன் பண்ணலாம்தான். ‘சும்மாதான் பண்ணினேன்’ என்று சொல்லத்தான் தைரியம் இல்லை.

ஆனால் அந்த அம்மா போகும்போது ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார். எழுதியவர் சம்மதம் இல்லாமல் வேரை அடிக்கக் கூடாது. அகராதிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஃபோனை எடுத்தார்.

"நான்தான்..."

"எந்த வார்த்தை?"

"ரெட்யூஸ். வேரை அடிக்கணும், உங்க சம்மதம்..."

"ஃபோன்ல கொடுத்தா செல்லாது. வர்றேன்."

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். கட்டுகளை இறக்கிவிட்டு, பழைய நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டினார்.

"வேர் இல்லாம ஒரு வார்த்தையா? அப்பவே சொன்னேன், உங்களுக்கு எதையும் வெட்டத்தான் தெரியும்."

"உங்களுக்கு நீட்டத்தான் தெரியும்."

அகராதிக்காரருக்கு ஆறு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. சம்மதமில்லை என்பதை அந்த அம்மா ஆறு வரியில் எழுதினார். மேனேஜர் வந்து நாற்பத்தொன்பது வரியைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"இதுக்கா இவ்வளவு கவலை?" என்றார் டீ கொண்டுவந்த பைண்டர். "பழைய கார்டு எங்கிட்ட பத்திரமா இருக்கு சார், சரியா நாலே வரி. ரிட்டையர் ஆகிற வாரம் அம்மாதான் பெட்டி பெட்டியா எடுத்து எல்லாத்தையும் நீட்டி எழுதி வெச்சாங்க, ‘குறைக்கணும்னா என்னைக் கூப்பிட்டுத்தானே ஆகணும்’னு."