கோவிந்தப்பாவின் சூரியன்

மூன்றாவது படமும் திரும்பி வந்துவிட்டது. கோவிந்தப்பாவின் டிரைவர் ரவி காகித உறையை மேசைமேல் வைத்தார்.

"நிஜம் மாதிரி இல்லையாம் சார்."

உத்தமன் உறையைப் பிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம் இருக்கும். வட்டத்துக்குள் எது தப்பு என்று மட்டும் எழுதியிருக்காது.

1998. பெங்களூர் அல்சூரில் ஒரு மாடியறையில் பெர்னார்ட் நடத்திய கிராஃபிக்ஸ் அலுவலகத்தில் அவனுக்கு வேலை. வைட்ஃபீல்ட் அடுக்குமாடிக்கு விளம்பரப் புத்தகம் போட வேண்டும் என்று பில்டர் கோவிந்தப்பா வரைபடங்களைக் கொடுத்திருந்தார். அதை வைத்துக் கம்ப்யூட்டருக்குள் கட்டடத்தை எழுப்பி, மேலே ஒரு சூரியனையும் வைத்துவிட்டால் போதும். வெளிச்சம் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று ஒவ்வொரு கதிராகக் கணக்குப் போட்டு, புகைப்படம் மாதிரி ஒரு படத்தை அது தரும். ரே டிரேசிங் என்று பெயர். ஒரு படத்துக்குப் பதினோரு மணி நேரம்.

வாணியம்பாடியில் அவனுக்கு மகள் பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. இன்னும் பார்க்கவில்லை. படம் ஓகே ஆன அன்றே ரயிலேறலாம் என்று பெர்னார்ட் சொல்லியிருந்தார். குழந்தைக்கு அப்பா மூக்கு என்று மனைவி சுனிதா முதல் வாரமே போனில் சொல்லிவிட்டாள்.

முதல் படம் பொம்மை வீடு மாதிரி இருக்கிறது என்றார் கோவிந்தப்பா. நிழலின் ஓரங்கள் கத்தியால் வெட்டினாற்போல் இருப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்து உத்தமன் அவற்றை மென்மையாக்கினான். பதினோரு மணி நேரம் இருபத்துமூன்று ஆனது. இருபத்திரண்டாவது மணியில் கரண்ட் போனது. மறுபடி முதலிலிருந்து.

அடுத்து, புல்வெளி கம்பளம் மாதிரி இருக்கிறதாம். புல்லைத் தனித்தனியாக முளைக்கவிட்டான். நாற்பதாயிரம் புல் வந்ததும் கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டது. பாதியைப் பிடுங்கிப் போட்டுத்தான் அந்த மூன்றாவது படத்தை எடுத்தான்.

இப்போது சிவப்பு வட்டம் ஜன்னல் கண்ணாடிகளைச் சுற்றியிருந்தது. கண்ணாடி எதிரில் இருப்பதைக் காட்டும். உத்தமன் செய்த உலகத்தில் கட்டடத்துக்கு எதிரில் ஒன்றுமே இல்லை. அதனால் ஜன்னல்கள் எல்லாம் குருட்டு விழி மாதிரி வெளுத்துக் கிடந்தன. உட்கார்ந்து ஒரு முழு எதிர்த்தெருவைக் கட்டினான். தென்னை மரம், ஸ்கூட்டர், பெட்டிக்கடை, கடை வாசலில் வாழைத்தார். எல்லாமே கண்ணாடியில் கட்டைவிரல் அளவு தெரிவதற்காக.

கோவிந்தப்பா இந்தத் தடவை தானே போன் செய்தார்.

"ஏன்ப்பா, நம்ம அபார்ட்மென்ட் எதிர்ல பெட்டிக்கடையா? யார் வந்து வாங்குவாங்க? ஸ்வல்ப டீசன்டா ஏதாவது வைப்பா."

கோயில் வைத்தான். வாசலுக்கு நேரே கோயில் இருந்தால் வாஸ்துப்படி ஆகாது என்று உறை திரும்பியது. பூங்கா வைத்தான். பூங்காவின் பச்சை எதிரொளித்துக் கட்டடச் சுவர் முழுக்கப் பாசி பிடித்தது மாதிரி ஆகிவிட்டது. சுவரைச் சரிசெய்யச் சூரியனை நகர்த்தினான். நிழல் அத்தனையும் திசை மாறின. வடக்கு பார்த்த வாசலில் தெற்கு வெயில் அடித்தது.

அன்று மதியம் சுனிதா போன் செய்தாள்.

"மூக்கு மாறிக்கிட்டே வருதுங்க. இப்ப எங்கப்பா மூக்கு மாதிரி இருக்கு. கொஞ்சம் சீக்கிரம் வாங்க."

போனை வைத்ததும் உத்தமன் ஒரு காரியம் செய்தான். சூரியனைப் பழைய இடத்திலேயே வைத்து, கதிர்களின் எண்ணிக்கையைக் கால்வாசியாகக் குறைத்து ஓடவிட்டான். ஐந்தே மணி நேரத்தில் படம் வந்தது. கணக்குப் போதாமல் எங்கும் புள்ளி புள்ளியாக, மண் தூவினாற்போல் இருந்தது. இதுவும் திரும்பி வந்தால் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்து கொடுத்தனுப்பினான்.

மறுநாள் காலை ரவி வெறுங்கையோடு வந்தார். ஐயாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டதாம். பெங்களூர்த் தூசி அப்படியே வந்திருக்கிறதாம். அச்சுக்கே அனுப்பிவிட்டாராம்.

உத்தமனுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. பையை எடுத்துக்கொண்டான். ஸ்டேஷனில் இறக்கிவிடுவதாக ரவி சொன்னதும் காரில் ஏறிக்கொண்டான். வண்டி ஏரிக்கரையைத் தாண்டும்போது, ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டான்.

"அந்த பில்டிங் வேலையை எப்பண்ணே ஆரம்பிக்கப் போறாங்க?"

ரவி கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார்.

"அது கட்டி முடிச்சு ஆறு மாசம் ஆச்சே சார். முதல்ல ஃபோட்டோதான் எடுத்தாங்க, நிஜம் மாதிரி இல்லைன்னு ஐயா தூக்கிப் போட்டுட்டார்."