பத்தாம் வகுப்பில் இல்லாத பெண்

"அப்படி யாரும் இங்க படிக்கல சார்."

பள்ளி அலுவலகத்து ஒத்தீலியா அம்மாள் கணினித் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். நசாரியோவுக்குச் சிரிப்பு வந்தது.

"பேரு சரியா கேக்கலபோல. டெல்ஃபினா உர்ருத்தியா. மூணு வருஷம் இங்கதான் படிச்சா. பத்தாம் வகுப்புக்கு வருகைச் சான்று ஒண்ணு வேணும், அவ்வளவுதான்."

"அப்படி யாரும் இங்க படிக்கல சார்."

அதே சொற்கள், அதே குரல். நசாரியோவின் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

மாலை ஐந்து மணிக்குள் அந்தச் சான்று பல்கலைக்கழகத்துக்குப் போயாக வேண்டும். கலிபோர்னியாவில் மூன்று வருடம் உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறிய பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் வெளிமாநிலத்தாருக்கான கூடுதல் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு. பிறந்தது எங்கே, கையில் என்ன காகிதம் என்றெல்லாம் குடைய மாட்டார்கள். ஆனால் மூன்றில் ஒரு வருடத்துக்குத் தாள் இல்லையென்றால் விலக்கும் இல்லை. டெல்ஃபினாவின் அம்மா, ஆரஞ்சுக் கொட்டகையில் பழம் பிரிக்கும் நசாரியோவின் அக்கா எவுஃபேமியாவால் முழுக் கட்டணத்தைக் கனவிலும் கட்ட முடியாது. டெல்ஃபினாவோ பெட்டி படுக்கையோடு லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்துவிட்டாள். திங்கட்கிழமை வகுப்பு.

"எங்கிட்ட விடுக்கா" என்று மார்தட்டியவன் நசாரியோ. ஓரிகன் பக்கம் ஒரு கடைத்தொகுதியில் காவலாளி. முந்தின நாள்தான் அக்காவின் ஊரான அல்மேந்த்ராலுக்கு வந்திருந்தான். இருப்பதிலேயே மரியாதையான உடுப்பு, வேலைக்குப் போடும் கருநீல ஜாக்கெட். தேய்த்துப் போட்டுக்கொண்டான். "இவன் என் தம்பி" என்று அக்கா ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"நீ யாருன்னு கேட்டா காட்டுடா" என்றிருந்தாள்.

யாரும் கேட்கவில்லை. கடிதம் பையிலேயே இருந்தது.

வெளியே ஜனவரி மூடுபனி. பத்தடி தள்ளி இருப்பது தெரியவில்லை. பள்ளி வாசலில் பிள்ளைகள் சாலையைக் கடக்கத் துணை நிற்கும் கிழவி, சிவப்புப் பலகையும் ஊதலுமாக நிழல்போல நின்றிருந்தாள். அவன் படியிறங்கியதும் ஊதல் இரண்டு முறை ஒலித்தது. சாலையில் ஒரு வண்டியும் இல்லை, ஒரு பிள்ளையும் இல்லை.

அடுத்து ஊர் நூலகம். பள்ளியின் ஆண்டு மலர் அங்கே இருக்கும், படத்தைக் காட்டி மடக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டான். நூலகப் பெண் உள்ளே போய் நிதானமாக எடுத்துவந்து ஒரு கையால் நீட்டினாள். மறு கை முஷ்டியாக மூடியிருந்தது.

பத்தாம் வகுப்புப் படங்கள் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் தொடங்கின. அதையடுத்து நாற்பத்தைந்து.

"நடுவுல ஒரு தாளு காணமே?"

"அது எப்பவுமே அப்படித்தான் சார்."

நசாரியோ வெளியே வந்தான். டெல்ஃபினாவைத் தொலைபேசியில் அழைத்தான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வேலை நேரத்தில் அக்காவின் கைப்பேசி கொட்டகைப் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். தூரத்தில் மறுபடி இரண்டு ஊதல்.

'நாம ரொம்பத் தணிஞ்சு பேசுறோம், அதான் மதிக்க மாட்டேங்குறாங்க' என்று முடிவு கட்டினான். முதுகை நிமிர்த்தினான். வண்டியிலிருந்து கோப்பு ஒன்றை எடுத்து அக்குளில் இடுக்கினான். அந்தப் பனியிலும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டான். இனி பதில் சொல்கிறவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வது என்றும் வைத்துக்கொண்டான்.

ரொட்டிக்கடையில் யாருமே இல்லை. மாவு பிசையும் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. மேசைகளில் ஆறு கோப்பைக் காப்பி, ஆறிலும் ஆவி. ஒரு ரொட்டியில் அப்போதுதான் கடித்த பல் தடம். பின்கதவு தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"யாராச்சும் இருக்கீங்களா?"

மாவு மட்டும் பதில் சொன்னது, தொப் தொப்பென்று.

தேவாலயத்துக்கு ஏறக்குறைய ஓடினான். மெழுகுவர்த்திகளுக்கு நடுவே குருவானவர் முழங்காலில் இருந்தார்.

"ஃபாதர், நீங்களாவது சொல்லுங்க. டெல்ஃபினா உர்ருத்தியான்னு ஒரு பொண்ணு..."

குருவானவர் கண்ணை மூடிக்கொண்டார். "அப்படி யாரும் இங்க படிக்கல சார்."

"பள்ளிக்கூடம்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே!"

குருவானவர் வேகவேகமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். பெயர் எழுத எடுத்த பேனா நசாரியோவின் கையிலிருந்து நழுவியது. மற்றவர்கள் புளுகலாம், சாமியார் புளுகுவாரா?

காலையில் அக்கா வீட்டில் பார்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டெல்ஃபினாவின் படம். அதன் முன்னே எரிகிற மெழுகுவர்த்தி. 'படிப்புக்காக வேண்டிக்கிட்டது' என்றிருந்தாள் அக்கா. டெல்ஃபினாவை அவன் கடைசியாக நேரில் கண்டது அவளுடைய ஏழு வயதில், 'வெட்டுக்கிளி' என்று அவன் செல்லமாகக் கூப்பிட்ட காலத்தில். அதற்கப்புறம் எல்லாம் தொலைபேசியில் "மாமா" என்று கூப்பிடும் குரல்தான். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? யார் வாயிலிருந்து வந்தது?

எப்படி நடந்தான் என்று தெரியவில்லை. பள்ளி வாசல் நடைமேடையில் உட்கார்ந்திருந்தான். மணி மூன்றரை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, நாற்பது வயது ஆள் என்ற வெட்கம் இல்லாமல் அழுதான்.

"வெட்டுக்கிளி... எங்கக்கா பெத்த வெட்டுக்கிளி... ஒருத்தரும் எனக்குச் சொல்லலையேடி..."

பனிக்குள்ளிருந்து சிவப்புப் பலகை நெருங்கி வந்தது.

"யாரப்பா நீ?" என்றாள் கிழவி.

அன்றைக்கு முதல் தடவையாக ஒருவர் கேட்டுவிட்டார். கடிதத்தை எடுத்து நீட்டினான். கிழவி மூக்கருகே வைத்துப் படித்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஊதலை வாயில் வைத்து, ஒரே ஒரு முறை, நீளமாக ஊதினாள்.

பனிக்குள் கதவுகள் திறந்தன. ஓர் உருவம், இன்னொன்று, அப்புறம் பத்து. சத்தமில்லாமல் வந்து அவனைச் சுற்றி நின்றன. ஒத்தீலியா அம்மாள் முத்திரை குத்தி ஒட்டிய உறை ஒன்றை நீட்டினாள். சொந்தக்காரர் யாராவது வந்தால் கொடுக்க, சான்றைக் காலையிலேயே அடித்து வைத்தாளாம். நூலகப் பெண் முஷ்டியைத் திறந்தாள். கசங்கிய நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் டெல்ஃபினா பல் தெரியச் சிரித்தாள். ரொட்டிக்காரன் மாவுக் கையோடு நின்றான். குருவானவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

நசாரியோ எழுந்து ஓடப் பார்த்தான். சுற்றிலும் ஆள், வழியில்லை.

"பேய்ங்களா, என்ன விட்டுருங்க!" என்று கும்பிட்டான்.

கிழவி குனிந்து அவன் ஜாக்கெட்டின் பொத்தானை அவிழ்த்தாள்.

"நாங்க பேய் இல்லடா கிறுக்குப் பயலே, கருநீல ஜாக்கெட்டும் கறுப்புக் கண்ணாடியுமா, நம்ம புள்ளைங்களப் புடிச்சு நாடு கடத்த வர்ற குடியேற்றத் துறைக்காரன் கணக்கா ஒரு புள்ள பேரக் கேட்டுக்கிட்டு, காலையிலேர்ந்து இந்த ஊரையே குலை நடுங்க வெச்ச பேயி நீதான்!"