சிறுத்தை சாப்பிட்டுவிட்டுப் போன வரவேற்பு

ஒரு காட்டில், சம்பந்தி வீட்டார் எதற்கு முகம் சுளிப்பார்களோ என்று பயந்தே இளைத்துப்போன புள்ளிமான் அம்மாள் ஒருத்தி இருந்தாள். பெயர் கோமளவல்லி. மகள் இளவேனிலுக்குக் கல்யாணம் நிச்சயமானதிலிருந்து அவள் நிம்மதியாக ஒரு வாய் புல் மேய்ந்ததில்லை.

கல்யாணத்தைக் காலையில் மரத்தடியில் முடித்துக்கொள்ளலாம், சாயங்கால வரவேற்பு மட்டும் ஊர் மெச்ச நடக்க வேண்டும் என்பது அவள் கணவர் ஏகாம்பரத்தின் கட்சி. காட்டெருமை வீட்டு வரவேற்புக்கு ஏசி வைத்த வெள்ளைப் பந்தல் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த நாள் முதல் அவருக்கு மர நிழல் என்றாலே இளப்பமாகிவிட்டது.

பந்தல் காண்டிராக்டர் கரடி முனியாண்டி வந்து புல்வெளியை நடந்தே அளந்தார். மேடை இங்கே, சோபா இங்கே, சாப்பாட்டுக்குத் தனித் தடுப்பு என்று காலால் கோடு கிழித்தார். கோமளவல்லி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பக்கத்துக்கு நாலைந்து வழி விடவேண்டும். மான்கள் கூடுகிற இடம், திடீரென்று ஓடத் தோன்றும்.

“வழி விட்டா குளிர் வெளிய போயிடும்மா,” என்றார் கரடி. “ஏசிப் பந்தலுக்கு ஒரே வாசல்தான். ஓடணும்னா வரிசையா ஓடச் சொல்லுங்க.”

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பத்திரிகை வைக்கும்போதுதான் வாயைத் திறந்தாள். காட்டுச் சங்கத் தலைவரை அழைக்கப்போவதாக ஏகாம்பரம் சொன்னார். சங்கத் தலைவர் ஒரு சிறுத்தை.

“ஏங்க, வர்றவங்க எல்லாம் மானுங்க,” என்றாள் கோமளவல்லி.

அதனால்தான் அழைக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். மான் வீட்டு விசேஷத்துக்கு மான் வருவதில் என்ன பெருமை? தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்து நம்மோடு போட்டோ எடுத்துக்கொண்டால், நாளைக்கு இந்தக் காட்டில் எவனாவது நம்மைத் துரத்துவானா? கடைசி வாதத்தில் ஏதோ நியாயம் இருப்பதுபோல் அவளுக்கும் பட்டது. இருவரும் போய், ஓடைக்கு இந்தக் கரையிலேயே நின்று, வெற்றிலைத் தட்டை ஒரு மரக்கட்டையில் வைத்து அந்தக் கரைக்குத் தள்ளிவிட்டு, அவசியம் வரவேண்டும் என்று உரக்கக் கூவி அழைத்தார்கள். சிறுத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து அவரை யாரும் எதற்கும் அழைத்ததில்லை. எல்லா இடத்துக்கும் அவராகத்தான் போக வேண்டியிருந்தது.

வரவேற்புக்கு அவர் அங்கவஸ்திரம் போர்த்தி, வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார். விருந்து வீட்டில் மரியாதைக் குறைவாக எதுவும் நடந்துவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். வாழ்த்திவிட்டுக் கிளம்புகிறேன் என்றவரை ஏகாம்பரம் விடவில்லை. சாப்பிடாமல் போனால் குடும்பத்துக்கே மனசு ஆறாது என்று வழிமறித்து, மேடைக்கு எதிரே சோபாவில் உட்கார வைத்தார். மூங்கில் குருத்துப் பிரியாணியும் அறுகம்புல் பச்சடியும் தட்டில் வந்தன. தலைவர் தட்டைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்க்க ஆரம்பித்தார்.

வந்தவர்கள் எல்லாம் மணப்பெண்ணின் கழுத்தில் கிடந்த நகையைப் பார்த்தார்கள். தலைவர் கழுத்தைப் பார்த்தார். கோமளவல்லி அதைக் கவனித்துவிட்டாள். சோபாவில் யாரையாவது அவருக்குப் பேச்சுத்துணையாக உட்கார வைத்தாக வேண்டும். யாரை?

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் பெரியப்பா வேலாயுதம் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். அவருக்குப் பந்தலின் வெள்ளை பிடிக்கவில்லை. சந்தனம் நீர்த்திருந்தது. வாசலில் பன்னீர் தெளித்த முயல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு தெளித்தது.

“சம்பந்தியம்மா, மாப்பிள்ளைக்குப் பெரியப்பா நான். என்னைக் கொண்டுபோய் ஜெனரேட்டர் பக்கத்துல உட்கார வெச்சிருக்கீங்க.”

கோமளவல்லி தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டாள். கையோடு அழைத்துப்போய் தலைவருக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியுமா என்றால், தெரியும். பெண்ணைப் பெற்றவள்.

உட்கார்ந்ததும் சோபா அமுங்குகிறது என்றார் பெரியப்பா. பாட்டுக் கச்சேரி செய்த தவளைகளுக்குச் சுருதி சேரவில்லை என்றார். தம்பி மகனுக்கு இதைவிட நல்ல இடமெல்லாம் வந்தது என்றார். சிறுத்தை பொறுமையாகத் தலையாட்டினார். கடைசியில் பேச்சு சிறுத்தைகளிடம் வந்து நின்றது.

“இப்ப உங்காளுங்களும் சரியில்லை. உங்க தாத்தா இருந்தாரே, ஒரே அடி. சத்தமே வராது. அந்தச் சுத்தம் இப்ப எங்க இருக்கு?”

சிறுத்தை தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு கோமளவல்லியைச் சைகை காட்டி அழைத்தார்.

“சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு சொன்னீங்க. உபசாரத்துக்குச் சொன்னதா, நிஜமாவே சொன்னதா?”

அவள் மேடையைப் பார்த்தாள். இளவேனில் யாரோ கொடுத்த பூங்கொத்தைத் தின்றபடி போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள். ஏசி போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“கூச்சப்படாதீங்க தலைவரே. உங்க வீடு மாதிரி நினைச்சுக்கங்க.”

ஒரே அடி. சத்தமே வரவில்லை.

பந்தல் முழுக்க மான்கள் எழுந்து நின்றன. ஓடுவதற்கென்று வாசலை நோக்கி வரிசை கட்டின. வாசலுக்குப் பக்கத்தில் அப்போதுதான் ஐஸ்கிரீம் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். வரிசை அங்கேயே நின்றுவிட்டது. சிறுத்தை வாயைத் துடைத்துக்கொண்டு மணமக்களை வாழ்த்தினார், போட்டோவுக்கு நின்றார். போகும்போது, சாப்பாட்டில் கொஞ்சம் கசப்பு என்று மட்டும் ஏகாம்பரத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மாப்பிள்ளையின் அப்பா வருகிறார் என்றதும் கோமளவல்லிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகளின் வாழ்வு முடிந்தது என்றே நினைத்தாள். வந்தவர் தரையைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

“எங்க அண்ணன் எந்த விசேஷத்துக்குப் போனாலும் குறை சொல்லாம வந்ததில்லை,” என்றார். “நேத்துதான் ஒண்ணுமே சொல்லலை. அவ்வளவு திருப்தியா நடத்திட்டீங்க.”

அப்புறம் சுற்றும்முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, தன் மனைவி வழியில் ஒரு அத்தை இருப்பதாகவும், வளைகாப்புக்குத் தலைவரை எப்படி அழைப்பது என்றும் கேட்டார்.

நீதி: விசேஷ வீட்டில் குறை சொல்லும் உறவினரைப் பின்வரிசையில் உட்கார வைப்பது மரியாதை அல்ல.