அடிக்கல் நாட்டிய கவுன்சிலர்

ஒரு காட்டில் ஓடை இருந்தது, கவுன்சிலர் இருந்தார், பாலம் மட்டும் இல்லை. கவுன்சிலர் குணாளன் ஒரு நரி. தேர்தலுக்குத் தேர்தல் "பாலம் வருது" என்று ஊளையிடுவார். காடே கைதட்டும்.

பொன்னூசி என்ற முள்ளம்பன்றி கைதட்டவில்லை. கிழங்கு விளைவதெல்லாம் அக்கரையில். போன மழையில் அவளுடைய கடைக்குட்டியை ஓடை அடித்துக்கொண்டு போனது. ஏதோ ஒரு வேர் தடுத்ததால் பிழைத்தது. அன்றிலிருந்து மேகம் கறுத்தாலே அவள் குட்டிகளை எண்ணிப் பார்ப்பாள்.

ஆகவே ஆலமரத்தடியில் வாக்காளர் வகுப்பு ஆரம்பித்தாள். பாடம் ஒன்றே ஒன்றுதான்.

"கவுன்சிலரை எங்க பார்த்தாலும் 'பாலம் எங்கே?'னு கேக்கணும். கல்யாண வீடோ, எழவு வீடோ, விடக்கூடாது."

"அவரு பிரியாணி போடுறப்ப கேக்கலாமா அக்கா?" என்றது சுமைதாங்கி என்ற கழுதை.

"சாப்பிட்டு முடிச்சிட்டுக் கேளு."

காடு கேட்கத் தொடங்கியது. காதுகுத்து விழாவுக்குப் போனால் முயல் கேட்டது. தூக்கத்தில் புரண்டு படுத்தால் தவளை கேட்டது. தாங்க முடியாத குணாளன் மறுநாளே மேளதாளத்தோடு வந்து கரையில் அடிக்கல் நாட்டினார். கட்டில் அகலத்துக்கு, இடுப்பு உயரத்துக்குக் கருங்கல். அதன் மேல்முகத்தில் அவர் பெயர் கொட்டை எழுத்தில், 'பாலம்' என்பது மூலையில் பொடியாக. கல்லுக்குப் பாலை ஊற்றி, தனக்குத்தானே பொன்னாடை போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

காடு மறுபடி கேட்டது. மறுபடி ஓர் அடிக்கல். எந்தக் கேள்விக்கும் அவருக்குத் தெரிந்த பதில் அதுதான். கல்லில் தன் பெயரைப் பார்ப்பதில் அப்படியொரு பூரிப்பு.

"என்னக்கா இது, பாலம் கேட்டா கல்லாப் போடுறாரு" என்று கழுதை சலித்துக்கொண்டது.

பொன்னூசி கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முட்களெல்லாம் கிலுகிலுத்தன.

அடுத்த விழாவில் பணிவாகச் சொன்னாள்: "கவுன்சிலரய்யா, கரையில நின்னா போட்டோ எடுபடாது. தண்ணிக்குள்ள இறங்கிக் கல்லை நட்டு வைங்க. மக்களுக்காக முழங்கால் தண்ணியில நின்னாருன்னு செல்போன் செல்போனாப் பரவும்."

குணாளன் அக்கணமே வேட்டியை மடித்துக் கட்டினார். அதற்கடுத்த கல்லை இன்னும் கொஞ்சம் தள்ளி நட்டார், பின்னணியில் மலை தெரியுமே என்று. இப்படியே காடு கேட்கக் கேட்கக் கல் விழுந்துகொண்டே இருந்தது. அக்கரைக்கு ஒரே ஒரு கல் பாக்கி இருந்தபோது தேர்தல் வந்துவிட்டது.

எதிர்த்து நின்றது ஆமை. குணத்தில் சொக்கத்தங்கம். "நிதி ஒதுக்கி, டெண்டர் விட்டு, அப்புறந்தான் அடிக்கல். ஊரை ஏமாத்த மாட்டேன்" என்றது.

காடு பொன்னூசியைப் பார்த்தது. அவள் வானத்தைப் பார்த்தாள். மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

"ஆமையண்ணே, நீங்க நல்லவரு. உங்களுக்கு நீச்சலும் தெரியும்," என்றாள். "எங்களுக்கு இப்போதைக்கு இந்தத் திருட்டுப்பயதான் வேணும்."

நரி அமோக வெற்றி பெற்றது. நன்றி சொல்ல வந்தவரைக் காடே சூழ்ந்துகொண்டு "பாலம் எங்கே?" என்று கேட்டது. அன்றைக்கே கடைசிக் கல்லும் விழுந்தது. மாலையில் மழை கொட்டியது. பொன்னூசியின் குட்டிகள் 'குணாளன்', 'குணாளன்' என்று ஒவ்வொரு பெயராக மிதித்துக் குதித்து அக்கரை சேர்ந்தன. கடைக்குட்டி திரும்பி வந்து இன்னொரு முறையும் போனது. பொன்னூசிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

அதைக் குணாளனும் பார்த்துவிட்டார்.

"அடப்பாவிகளா, எனக்குத் தெரியாம பாலத்தைக் கட்டிட்டீங்களே. அடுத்த தேர்தலுக்கு நான் எதைச் சொல்லி ஓட்டுக் கேப்பேன்?" என்று கரையில் உட்கார்ந்து விம்மினார்.

பொன்னூசிக்கே பாவமாகிவிட்டது. அருகில் போய் ஆறுதலாகக் கேட்டாள்:

"அழாதீங்க கவுன்சிலரய்யா. ரோடு எங்கே?"

குணாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகம் மலர்ந்தது. "நாளைக்கே அடிக்கல் நாட்டிடலாம்மா."

"நாட்டுங்க," என்றாள் பொன்னூசி. "ரோடு ரொம்ப நீளம்."

நீதி: தலைவரின் வாக்கை நம்பாதே, அவர் பெயர் வெட்டிய கல்லை நம்பு. அதுதான் மிதித்தால் தாங்கும்.